தீவுக்குப் போகிறீர்களா? கடலுக்குள் அல்ல, கரையில்தான் கவனம் வேண்டும்

மழைக்காலம் முடிந்து கிழக்குக்கரைத் தீவுகள் திறந்துவிட்டால் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் பக்கம் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடுகிறோம். முன்பெல்லாம் பள்ளி விடுமுறை என்றால் போர்ட்டிக்சன் கடற்கரையும் கேமரன் மலையும்தான். இப்போது தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள்கூட ஸ்நோர்க்கலிங், ஸ்கூபா முக்குளிப்பு என்று பழகிவிட்டார்கள். வேலை இடத்து நண்பர்கள் ஒன்றுசேர்ந்து சபா மாநிலத்தின் செம்போர்னாவரை போய் வருகிறார்கள். மகிழ்ச்சியான செய்திதான்.

இப்படிப் போகிறவர்களிடம் பயம் எதுவென்று கேட்டால் சுறா, ஜெல்லிமீன், நீரோட்டம் என்று சொல்வார்கள். உண்மையில் தீவுப் பயணம் போய்வந்தவர்கள் பின்னர் கிளினிக் வாசலில் போய் நிற்பதற்குப் பல நேரங்களில் காரணம் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒன்று. அதுதான் கொசு. அது கடலுக்குள் இருப்பதில்லை. படகு ஏறக் காத்திருக்கும் நேரத்திலும், நீந்திவிட்டு ஈரத்தோடு மணலில் உட்காரும் நேரத்திலும், இரவுச் சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் இருக்கிறது.

கொசுக்கடியைத் தடுப்பது எப்படி, கடித்துவிட்டால் என்ன செய்வது, வீடு திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் எதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம். இவற்றில் கடைசி விஷயம்தான் உயிர் சம்பந்தப்பட்டது.

கடிப்பவை மூன்று வகை

முதலாவது ஏடிஸ் கொசு. டிங்கிக் காய்ச்சலைப் பரப்புவது இதுதான். கறுப்பு உடலில் வெள்ளைக் கோடுகள் இருக்கும். பகலில் கடிக்கும். சூரியன் உதித்த பின் இரண்டு மூன்று மணி நேரமும், சாயும் முன் இரண்டு மூன்று மணி நேரமும் அதிகம் கடிக்கும். தீவில் சாக்கடை இல்லையே, டிங்கி எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. தேங்காய்ச் சிரட்டை, கவிழ்க்காமல் விட்ட படகு, பழைய டயர், முக்குளிப்புக் கருவிகளைக் கழுவ நல்ல தண்ணீர் பிடித்து அப்படியே விட்ட பீப்பாய் ஆகியவற்றில் தேங்கும் கொஞ்சம் தண்ணீரே அதற்குப் போதும்.

நம் நாட்டில் டிங்கி சின்ன விஷயமல்ல. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டிங்கியால் பாதிக்கப்பட்டனர். டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து குணமானவருக்கு இன்னொரு வகை வந்தால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. “எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, இனி வராது” என்று யாரும் அலட்சியமாக இருக்க முடியாது.

இரண்டாவது அனோபிலிஸ் கொசு. மலேரியாவைப் பரப்புவது. பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வரும். காட்டோரத்தில் இருக்கும்.

மூன்றாவதை மலாய்க்காரர்கள் ‘அகாஸ்’ என்பார்கள். ஆங்கிலத்தில் பொதுவாக சேண்ட்ஃபிளை என்று சொல்லிவிடுகிறார்கள். மிளகின் கால் பங்குகூட இருக்காது. மணற்பாங்கான கரையிலும் சதுப்புநிலக் காட்டோரத்திலும் காற்று அடங்கிய காலையிலும் மாலையிலும் கூட்டமாக வரும். கடிக்கும்போது பலருக்குத் தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், கால் முழுவதும் சிவந்த புள்ளிகள் கிளம்பி அரிப்பெடுக்கும். அந்த அரிப்பு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். அகாஸ் டிங்கியையோ மலேரியாவையோ பரப்புவதில்லை. ஆனால் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கடியைத்தான்.

தோட்டத்து நினைவும் குரங்கு மலேரியாவும்

மலேரியா நம் சமூகத்துக்குப் புதிதல்ல. காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில் தோட்டத் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகப் பலிகொண்ட நோய் அது. 1901-இல் கிள்ளான் வட்டாரத்துக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்து நீரை வடித்துக் கொசுவை ஒழித்து மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். பிறகு மலைப்பாங்கான தோட்டங்களில் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் வழக்கமும் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் கொடுத்த கொய்னாவின் கசப்பைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் அந்தப் பழைய மலேரியா, 2018 முதல் மலேசியாவுக்குள் உள்ளூரில் தொற்றுவது நின்றுவிட்டது. பெரிய சாதனைதான். ஆனால் அந்த இடத்துக்கு வேறொன்று வந்திருக்கிறது. நோலெசி என்ற மலேரியா. இது குரங்குகளின் நோய். நீண்ட வால் குரங்கு, ‘பெரோக்’ என்று நாம் சொல்லும் குட்டைவால் குரங்கு ஆகியவற்றின் இரத்தத்தில் இருக்கும் கிருமியைக் காட்டுக் கொசு எடுத்து மனிதருக்குக் கொடுக்கிறது.

இயற்கையாக மனிதருக்கு இது தொற்றிய முதல் சம்பவம் 1965-இல் பகாங் காட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய ஓர் அமெரிக்கரிடம் கண்டறியப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் இது மிக அபூர்வம் என்றே எண்ணியிருந்தார்கள். 2004-இல் சரவாக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர், காப்பிட் வட்டாரத்தில் ஏராளமான மலேரியா நோயாளிகளுக்கு இருப்பது இந்தக் குரங்கு மலேரியாதான் என்று நிரூபித்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் வேறொரு சாதாரண மலேரியாவைப் போலவே தெரிவதால் அதுவரை பெயர் மாற்றி எழுதப்பட்டு வந்தது.

இன்று மலேசியாவில் ஆண்டுதோறும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோலெசி வருகிறது. சபா, சரவாக்கில் அதிகம். தீபகற்பத்தில் பகாங், கிளந்தான் போன்ற மாநிலங்களிலும் உண்டு. பெரும்பாலோர் காட்டிலும் காட்டோரத் தோட்டங்களிலும் வேலை செய்பவர்கள். கடற்கரை விடுதியில் தங்கி நீந்திவிட்டு வருபவருக்கு ஆபத்து குறைவு. ஆனால் நம் பயணங்கள் அதோடு முடிவதில்லையே! தியோமானில் தெக்கேக்கிலிருந்து ஜுவாராவுக்குக் காட்டு வழியே நடக்கிறோம். அருவியில் குளிக்கிறோம். பொழுது சாயும்வரை குரங்குகளை வேடிக்கை பார்க்கிறோம். காட்டோரத்தில் கூடாரம் போட்டுத் தங்குகிறோம். கவனம் தேவைப்படுவது அங்கேதான்.

தண்ணீரில் இறங்குவோருக்குத் தனிச் சிக்கல்

வீட்டில் இருப்பவர் காலையில் ஒரு முறை கொசு விரட்டி மருந்து தடவிக்கொண்டால் சில மணி நேரத்துக்குக் கவலை இல்லை. கடலில் இறங்குபவருக்கு அப்படியில்லை. தண்ணீரில் இறங்கிய உடனே மருந்து கழுவிப்போய்விடும். கரையேறும்போது உடம்பில் மருந்து இருக்காது. மூச்சு வாங்கும். உடம்பு சூடாக இருக்கும். மூச்சுக்காற்றில் வரும் கரியமில வாயுவையும் உடல் சூட்டையும் வைத்துத்தான் கொசு ஆளைத் தேடி வருகிறது. நீந்திக் களைத்து வந்தவர் அதற்கு நல்ல விருந்து.

இதற்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டால் போதும்.

கடலில் இறங்குவதற்குச் சற்று முன்பு கொசு மருந்து தடவ வேண்டாம். வீணாகக் கடலில் கலக்கும். நடுக்கடலில் படகில் இருக்கும்போது கொசுத் தொல்லை அநேகமாக இருக்காது. அங்கே வெயிலுக்கான களிம்பு மட்டும் போதும்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். துவட்டுங்கள். ஈர உடையோடு மணலில் உட்கார வேண்டாம். வெயில் இன்னும் இருந்தால் முதலில் வெயில் களிம்பு. கால் மணி நேரம் கழித்து, அதன்மேல் கொசு மருந்து. இந்த வரிசையை மாற்றக்கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து விற்கும் களிம்பை வாங்குவதும் நல்லதல்ல. வெயில் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தடவ வேண்டும். கொசு மருந்தை அவ்வளவு அடிக்கடி தடவக்கூடாது.

இரவில் முக்குளிக்கப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் கரையில் நின்றுதான் கருவிகளைப் பூட்டுவார்கள், வழிகாட்டி பேசுவதைக் கேட்பார்கள். அகாஸ் கடிக்கும் நேரமும் அனோபிலிஸ் கிளம்பும் நேரமும் அதுவே. அப்போதே முழுக்கால் முக்குளிப்பு உடையை மாட்டிக்கொள்வது நல்லது. தடித்த ரப்பர் உடையைக் கொசுவால் துளைக்க முடியாது. தோலோடு ஒட்டும் மெல்லிய நீச்சல் சட்டையைத் துளைத்துவிடும்.

எந்த மருந்தை வாங்குவது?

பார்மசியில் பல பெயர்களில் பல விலையில் கிடைக்கும். பெயரை விடுங்கள். புட்டியின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

டீட் என்ற மருந்து நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருப்பது. 20 முதல் 30 விழுக்காடு இருந்தால் நமக்குப் போதும். சில மணி நேரம் தாங்கும். 10 விழுக்காடு என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். விழுக்காடு கூடினால் தாங்கும் நேரம் கூடும், கொசு கூடுதலாகப் பயந்து ஓடாது. 50 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவதால் பெரிய பலன் இல்லை.

டீட் மருந்துக்கு ஒரு குணம் உண்டு. சில வகைப் பிளாஸ்டிக்கையும் மினுமினுப்பான நீச்சல் துணியையும் அரித்துவிடும். மருந்து பட்ட கையோடு முகக்கண்ணாடி, மூச்சுக் கருவி, கைக்கடிகாரம், கேமரா, கைப்பேசி உறை எதையும் தொடாதீர்கள். தடவியதும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள்.

பிக்காரிடின் அல்லது இக்காரிடின் என்று எழுதியிருக்கும் மருந்து டீட்டுக்கு ஈடானது. 20 விழுக்காடு உள்ளதை வாங்கலாம். வாடை குறைவு, பிசுபிசுப்பு இல்லை, பிளாஸ்டிக்கையும் கெடுக்காது. முக்குளிப்புக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இதுவே வசதி.

செராய் வாங்கி எண்ணெய் நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். வாசனை நன்றாக இருக்கும். ஆனால் விரைவில் ஆவியாகிவிடுவதால் ஒரு மணி நேரம் தாண்டுவதே கடினம். முற்றத்தில் சிறிது நேரம் உட்காரப் பரவாயில்லை. டிங்கி உள்ள இடத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. கையில் கட்டும் கொசு வளையல், சத்தம் எழுப்பிக் கொசுவை விரட்டும் என்று விற்கும் கருவி, பூண்டு, வைட்டமின் மாத்திரை ஆகியவை கொசுவைத் தடுக்கும் என்பதற்கு நம்பகமான சான்று கிடையாது. அந்தப் பணத்தில் நல்ல மருந்து ஒரு புட்டி வாங்கலாம்.

கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும்

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டீட் கூடாது. கொசுவலை போட்ட தொட்டிலும் கைகால் மூடிய உடையும்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு. சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் தங்கள் கையில் ஊற்றித் தடவிவிட வேண்டும். பிள்ளைகளின் உள்ளங்கையில் தடவாதீர்கள். அது வாய்க்கும் கண்ணுக்கும் போய்விடும். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் என்று எழுதியிருப்பதை மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தடவக்கூடாது. படுக்கும் முன் குளிப்பாட்டி மருந்தைக் கழுவிவிட்டு வலைக்குள் படுக்க வையுங்கள்.

கர்ப்பிணிகள் டீட், பிக்காரிடின் இரண்டையும் புட்டியில் சொன்னபடி பயன்படுத்தலாம். மருந்துக்குப் பயந்து கடிபடுவதுதான் பெரிய ஆபத்து. கர்ப்ப காலத்தில் டிங்கியும் மலேரியாவும் கடுமையாகும்.

உடையும் அறையும்

மாலை ஆறு மணிக்கு மேல் வெளிர்நிறத்தில் தொளதொளப்பான நீள்கைச் சட்டையும் கால்சட்டையும் போடுங்கள். கறுப்பும் கருநீலமும் கொசுவை இழுக்கும். வீட்டில் கைலி கட்டிப் பழகியவர்கள் கணுக்காலை மறக்க வேண்டாம். மேசைக்கு அடியில் கடிபடுவது அதுதான்.

தீவுகளில் மலிவான குடில்களில் பலகைச் சுவரில் இடுக்கு இருக்கும், சன்னல் வலை கிழிந்திருக்கும். அறைக்குள் போனதும் இதைப் பாருங்கள். கொசுவலை உண்டா என்று கேளுங்கள். இருந்தால் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, விளிம்பை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். சாதாரண வலையின் கண் வழியே அகாஸ் நுழைந்துவிடும். அதற்குக் காற்றாடிதான் நல்ல மருந்து. கொசுவும் அகாஸும் வலுவாகப் பறக்கத் தெரியாதவை. காற்றாடியைக் கட்டிலை நோக்கித் திருப்பி வைத்தால் பாதித் தொல்லை தீரும். சாப்பிட உட்காரும்போதும் காற்றாடிக்கு அருகில் இடம் பிடியுங்கள்.

கொசுவர்த்திச் சுருளை வாசலில், காற்றோட்டமான இடத்தில் ஏற்றுங்கள். மூடிய அறைக்குள் ஏற்றிவிட்டுத் தூங்குவது நுரையீரலுக்குக் கேடு. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருந்தால் அறவே வேண்டாம். பலகைக் குடிலில் தீப்பிடிக்கும் பயமும் உண்டு. துணியில் தெளிக்கும் பெர்மெத்ரின் மருந்தைச் சட்டையிலும் வலையிலும் மட்டுமே அடிக்கலாம், தோலில் கூடாது. அது மீன்களுக்குக் கடும் நஞ்சு. அந்தத் துணியோடு கடலில் இறங்குவதோ, அதைக் கரையில் அலசுவதோ நாம் பார்க்கப்போன பவளப்பாறைக்கே செய்யும் துரோகம்.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் சவர்க்காரமும் நல்ல தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். அரிப்பு பாதியாகக் குறையும். பிறகு கேலமைன் பூசலாம். வீக்கமும் அரிப்பும் அதிகமாக இருந்தால் பார்மசியில் கேட்டு 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பை மெல்லியதாகச் சில நாள்கள் தடவலாம். தோல் கிழிந்த இடத்தில் தடவாதீர்கள்.

இரவில் தூங்க முடியாத அளவுக்கு அரித்தால் ஒவ்வாமை மாத்திரை உதவும். முக்குளிப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். சளிக்கும் அரிப்புக்கும் கிளினிக்கில் கொடுக்கும் குளோர்பெனிரமின் தூக்கம் வரவைக்கும். அதைப் போட்டுக்கொண்டு மறுநாள் காலையில் கடலுக்கடியில் இறங்குவது ஆபத்து. முக்குளிக்கப் போவதாகப் பார்மசியில் சொல்லி, தூக்கம் தராத லோராடடின் போன்றதைக் கேளுங்கள். எந்த மாத்திரையானாலும் முதல் தடவையாகப் போடும் நாளில் கடலில் இறங்காமல் இருப்பது நல்லது.

நம் வீடுகளில் கோடாலித் தைலம் இல்லாத அலமாரி கிடையாது. கடித்த இடத்தில் ஒரு சொட்டு வைத்தால் அந்தக் குளிர்ச்சியில் அரிப்பு சற்று மறக்கும். தோல் கிழியாமல் இருந்தால் பெரியவர்களுக்குக் கெடுதல் இல்லை. கைக்குழந்தைக்கு வேண்டாம். கண்ணருகே வேண்டாம். பற்பசை, சாம்பல் போன்றவை புண்ணைக் கெடுக்கும்.

எலுமிச்சம்பழம் தேய்ப்பவர்கள் கட்டாயம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் கடும் வெயில் பட்டால் தீப்பட்டதுபோல் வெந்து கொப்புளம் கிளம்பும். அதன் கறுப்புத் தழும்பு மறையப் பல வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். கடற்கரையில் எலுமிச்சையைத் தோலில் தேய்க்கவே கூடாது.

இன்னொன்று. நீச்சல் உடைக்குள்ளே, துணி மூடியிருந்த இடத்தில் மட்டும் சின்னச் சின்னத் தடிப்புகள் வந்திருந்தால் அது பெரும்பாலும் கொசுக்கடி அல்ல. கடலில் மிதக்கும் ஜெல்லிமீன் குஞ்சுகள் துணிக்குள் சிக்கிக் கொட்டியிருக்கலாம். உடையைக் கழற்றிக் கழுவிக் காயவைத்த பிறகே மறுபடி போடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்

மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. தீவுக்குப் போகும் குடும்பத்தில் அப்பாவுக்கோ அத்தைக்கோ சர்க்கரை இருப்பது சாதாரணம். இவர்களுக்குக் காலில் சொறிந்த கொசுக்கடி வெறும் கடியல்ல. அது ஒரு திறந்த புண். மணலும் கடல்நீரும் அதில் பட்டால் கிருமி புகும். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் சில கிருமிகள் சர்க்கரை நோயாளிகளையும் கல்லீரல் நோய் உள்ளவர்களையும் சில நாள்களிலேயே கடுமையாகப் பாதிக்கக்கூடியவை.

நகத்தை வெட்டிக்கொண்டு போங்கள். கணுக்காலுக்கும் பாதத்துக்கும் மருந்து தடவ மறக்காதீர்கள். இரவில் படுக்கும் முன் யாரையாவது பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புண் இருந்தால் அது ஆறும்வரை கடலில் இறங்க வேண்டாம். சிவப்பு பரவுகிறது, சூடாக இருக்கிறது, சீழ் வைக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் பயணத்தின் கடைசி நாள்வரை காத்திருக்காமல் அடுத்த படகிலேயே கரைக்கு வந்து மருத்துவரைப் பாருங்கள்.

வீடு திரும்பிய பிறகு காய்ச்சலா?

எல்லாக் கவனத்தையும் மீறி ஒரு கொசு கடித்துவிடும். பரவாயில்லை. அதன்பின் என்ன செய்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

டிங்கி, கடித்து நான்கு முதல் பத்து நாள்களுக்குள் வெளிப்படும். மலேரியா ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம்வரை எடுத்துக்கொள்ளும். அதாவது படங்களை எல்லாருக்கும் அனுப்பி முடித்து, பயணத்தையே மறந்து, வேலைக்குத் திரும்பிய பிறகுதான் காய்ச்சல் வரும். அப்போது கிளினிக்கில் “ரெண்டு நாளா காய்ச்சல் டாக்டர்” என்று மட்டும் சொன்னால் சாதாரணக் காய்ச்சல் மருந்தோடு திரும்பிவிடக்கூடும். “இன்ன தேதியில் தியோமானில் இருந்தேன், காட்டில் நடந்தேன், கொசு கடித்தது” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் மருத்துவரை மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்க வைக்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? நோலெசி கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். மனிதரைப் பிடிக்கும் மலேரியாக்களில் இவ்வளவு வேகமாகப் பெருகுவது வேறில்லை. ஒரு நாள் தாமதமும் கணக்கில் வரும். தாமதித்தால் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படும். விரைவில் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே முழுமையாகக் குணமாகும்.

டிங்கியில் ஏமாற்றும் நேரம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். “காய்ச்சல் விட்டுவிட்டது, வேலைக்குப் போகலாம்” என்று நினைப்போம். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் அல்லது நிலைகொள்ளாமல் தவித்தல், இவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும் எடுங்கள். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டைத் தாண்டக்கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்க வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், பல்வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் நாம் போடும் மெஃபனாமிக் ஆசிட் ஆகியவை டிங்கியில் இரத்தக்கசிவைக் கூட்டும். உடம்பு வலிக்கிறது என்று வலிய ஊசி கேட்டுப் போட்டுக்கொள்ளாதீர்கள். இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லட்டும். பப்பாளி இலைச் சாற்றை நம்பி மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவதும் தவறு. தண்ணீர், கஞ்சி, இளநீர் நிறையக் குடிப்பதும், மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் இரத்தப் பரிசோதனைக்குப் போவதும்தான் டிங்கியைக் கடத்தும் வழி.

முக்குளிப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு

ஒன்று, மூட்டுவலி. ஆழத்திலிருந்து மேலே வந்த சில மணி நேரத்தில், அல்லது ஒரு நாளுக்குள் மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் வந்தால் அது அழுத்த மாற்றத்தால் வரும் முக்குளிப்பு நோயாக இருக்கலாம். உடனே வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும். பல நாள் கழித்துக் காய்ச்சலோடு வரும் மூட்டுவலி டிங்கி அல்லது சிக்குன்குன்யாவாக இருக்கக்கூடும். எதுவானாலும் கடைசியாக முக்குளித்த நாளையும் நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கும்போது கட்டணம் கட்டிவிட்டோமே என்று கடலில் இறங்காதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருந்தால் முக்குளிப்பு நோய் வரும் வாய்ப்பும் கூடும்.

இரண்டு, மலேரியா தடுப்பு மாத்திரை. தீபகற்பத் தீவுகளில் கடற்கரையோடு இருந்து வருபவர்களுக்குப் பொதுவாக அது தேவைப்படுவதில்லை. சபாவின் உட்காடுகளிலும் தங்கப்போகிறீர்கள், அல்லது மலேரியா உள்ள வேறு நாட்டுக்கு முக்குளிக்கப் போகிறீர்கள் என்றால் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். முக்குளிக்கப் போவதைச் சொல்லுங்கள். மெஃப்லோகுயின் மாத்திரை தலைசுற்றலையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கலாம் என்பதால் முக்குளிப்பவர்களுக்கு ஏற்றதல்ல. டாக்சிசைக்ளின் சாப்பிட்டால் வெயிலில் தோல் எளிதில் வெந்துவிடும்.

பையில் வைக்க வேண்டியவை

கொசு விரட்டி மருந்து, வெயில் களிம்பு, நீள்கைச் சட்டை, சவர்க்காரம், கேலமைன், ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, தூக்கம் தராத ஒவ்வாமை மாத்திரை, பாராசிட்டமோல், காய்ச்சல் பார்க்கும் கருவி. தீவில் இவை கிடைத்தாலும் விலை கூடுதலாக இருக்கும். படகுத் துறைக்குப் போகும் முன் ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. வீட்டு நாள்காட்டியில், தீவிலிருந்து வந்த தேதியை வட்டமிட்டு, அதிலிருந்து நான்கு வாரம் எண்ணிக் குறித்து வையுங்கள். அந்த நான்கு வாரத்துக்குள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போய், முதல் வார்த்தையாகப் போய்வந்த தீவின் பெயரைச் சொல்லுங்கள்.